கழித்துப் போட்ட நாற்று

டேலில்லிப் பூவுக்கு ஆயுள் ஒரே நாள், ஐயா. காலையில் விரிந்து பொழுது சாய்வதற்குள் சுருண்டுவிடும். அதனால் ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடுவேன். புது நிறப் பூ பிறக்க, ஒரு பூவின் மகரந்தத்தை இடுக்கியால் எடுத்து, இன்னொரு பூவின் நடுத்தண்டு நுனியில் தடவி, காம்பில் சீட்டு கட்ட வேண்டும். விதை பிடித்து, முளைத்து, பூப்பதற்கு மூன்று வருடம் ஆகும். பல் செட் செய்து பிழைத்தவன் நான். பொறுமைக்குக் குறைவில்லை.

நூறு நாற்றில் நாலு தேறும். மிச்சத்தைக் கொத்தி எறிந்துவிடுவேன். என் மனைவிக்கு அது பொறுக்காது. “அதுவும் உசுருதானேங்க” என்பாள். எறிந்ததை எனக்குத் தெரியாமல் பொறுக்கி, எதிர்வீட்டு பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கறுப்பு என்றே சொல்லலாம், அப்படியொரு சிவப்பு. பூவின் தொண்டையில் பச்சை. இதழோரம் முழுக்கச் சுருக்கம். பதினோரு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த பூ. இலையில் புள்ளி விழுந்திருக்கிறதென்று நான் கழித்துப் போட்ட நாற்று.

“உங்க குப்பைதான் சார்” என்று சிரித்தார். நல்ல மனிதர். பக்கக்கன்று ஒன்று கேட்டேன். “ஒண்ணு என்ன, ரெண்டா எடுத்துக்குங்க” என்று மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, மண்டியிட்டு இலைகளை விலக்கினார்.

“பேரும் வெச்சாச்சு சார். உங்க வீட்டம்மா பேரு. அவங்கதானே பொழைக்க வெச்சாங்க.”

முதல் வெட்டு பிடரியில் விழுந்தது. இரண்டாவதில் எலும்பு விட்டுக்கொடுத்தது. மூன்றாவது தேவையே இல்லை. ஆனாலும் எதையும் அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.

சத்தம் கேட்டு என் மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். என் பக்கம் வரவில்லை. நேரே போய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“என்னங்க பண்ணிட்டீங்க?”

கேட்டது என்னை. பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தை. அதுவரை அவளை ஏதும் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. குனிந்திருந்தாள். ஒரே வெட்டு. வலித்திருக்காது.

பிறகு கைகழுவிவிட்டு, பூ சுருண்டுவிடுமே என்று அந்த மகரந்தத்தைக் கொண்டுபோய் என் செடிகளில் தடவினேன். சீட்டில் எந்தப் பூவிலிருந்து எடுத்தது என்று பெயர் எழுத வேண்டும். அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டேன். நீங்கள் வந்தபோது கடைசிச் சீட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் சரி. காரணம் என்ற இடத்தில் மட்டும் ‘பொறாமை’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு ‘செடித் தகராறு’ என்று எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.