சோத்துக் கோப்பை மூணு முழம் தள்ளி

— இல்ல மரைக்கார் காக்கா, ஆரோ சொல்லிக் கேட்ட கதையில்ல இது. என்ட ரெண்டு கண்ணால கண்டனான். புள்ள அங்கால செவரோட கெடந்து வீரிட்டு அழுறா. சோத்துக் கோப்பை இஞ்சால மூணு முழம் தள்ளி இருக்கு. பெத்தவ கையக் கட்டிட்டுப் பார்த்திட்டு நிக்கிறா!

— ஆறுதலா, உம்மு குல்சும், ஆறுதலா. பள்ளிவாசல் சார்பில விசாரிக்க வந்தது நான். நீங்க இப்படிக் கத்தினா தெருவே விசாரிக்க வந்திரும். றுக்கியா மகள், உங்கட மதினி சொல்றது உண்மையா?

— ஓம் மரைக்கார் மாமா, உண்மைதான்.

— பார்த்தீங்களா! அவட வாயாலேயே!

— ஆனா மூணு முழமில்ல மாமா. அண்டைக்கு ரெண்டரை. இண்டைக்குத்தான் மூணு.

— யா அல்லாஹ்! அளந்து வேற வச்சிருக்காளே! என்ட தம்பி லாபிர் நிலாவெளிக்குக் கரைவலை இழுக்கப் போய் ரெண்டு மாசம். அவன் இல்லாத நேரம் பார்த்து, வாய் பேசாத புள்ளயப் பட்டினி போடுறா. நான் கேக்கிறது ஒண்டுதான் காக்கா. அசனாவ எனக்குத் தாங்க. எனக்கு அல்லா புள்ள தரல்ல. என்ட ஒக்கல்ல வச்சி ராசாத்தி மாதிரி வளப்பன்.

— மகள், இது லேசான விசயமில்ல. புள்ளக்கு அநியாயம் நடக்குதெண்டா மாமிட கையில குடுக்கத்தான் சொல்லுவன். பள்ளி என்ன சொன்னாலும் கேக்கிறன் எண்டு லாபிரும் ஆள் அனுப்பியிருக்கான். ஏன் இப்படிச் செய்யிறீங்க?

— கேளுங்க மாமா. சூறாவளி அடிச்ச நேரம் அசனாக்கு ஒரு வயசு. தல நிக்கல்ல. இப்ப மூண்டரை வயசு. இந்த வீட்டில ஆறு பொம்புளைகள். என்ட உம்மா, சாச்சி, ராத்தாமார், அதுக்கு மேல மதினி. ஒரு ஒக்கல்ல இருந்து இறங்கினா அடுத்த ஒக்கல். கண்ணத் திறந்தா பால், வாயத் திறந்தா சோறு. அவட கால் தரையில பட்டதே இல்ல. ஏன் படோணும்? அவளுக்குத்தான் ஒரு தேவையும் இல்லயே!

— அன்பாத் தூக்கினதும் குத்தமாப் போச்சா இப்ப?

— குத்தமில்ல மதினி. உங்களப் போல அவள ஆரும் தூக்கல்ல. அதுதான் கரச்சல்.

— இது இவட சொந்தக் கதையில்ல காக்கா. ஓர்ஸ் ஹில்லில ஒரு நேர்ஸ் இருக்காவாம், மாகிரட் மிஸ். அவ ஓதிக் குடுத்த கதை. செவ்வாய்க்குச் செவ்வாய் துறையில பாதைப் படகேறி, அக்கரைக்குப் போய், சேர்ச்சு வளவுக்குள்ள புள்ளயக் கொண்டு போறா!

— சேர்ச்சுக்கா போறீங்க மகள்?

— சேர்ச்சுக்கில்ல மாமா, பக்கத்து அறைக்கு. அங்க ஏழு உம்மாமார் பாய் விரிச்சு இருப்பம். ஒராள் சிங்களம், ஒராள் சல்லி ஊரில இருந்து வாற நல்லம்மா அக்கா. அங்க ஆரும் என்ன பாவம் செஞ்சனி எண்டு கேக்கிறதில்ல. மொத நாள் நான் வாயே திறக்கல்ல, அழுதுட்டே இருந்தன். நல்லம்மா அக்கா அவட மகன என்ட மடியில தந்திட்டு அசனாவ வாங்கினா. "இவனும் வாழைத் தண்டு மாதிரித்தான் கெடந்தவன் தங்கச்சி, இப்ப நிமிந்து குந்தியிருக்கிறான் பார்" எண்டா. மூணு வருஷமா எல்லாரும் எனக்குப் பொறுத்துக்க எண்டுதான் சொன்ன. இதைச் செய் எண்டு சொன்னது அவங்கதான்.

— என்ன செய்யச் சொன்ன?

— பாயச் சுருட்டி அதில குப்புறப் போட்டு நெஞ்சத் தூக்கப் பழக்கச் சொன்ன. புறகு குந்தியிருக்கப் பழக்க. ஆசையான சாமானக் கொஞ்சம் தள்ளி வச்சிட்டு, மனசுக்குள்ள இருவது எண்ண. எண்ணி முடிஞ்சும் அவளுக்கு ஏலாட்டி கிட்டக் கொண்டு வந்து குடுக்க. ஒரு நாளும் அவ பசியோட படுக்கல்ல மாமா. பட்டினி கெடந்தது நான். அவ அழக்குள்ள எனக்குச் சோறு இறங்கல்ல.

— கதை நல்லாத்தான் கதைக்கிறா. கதைச்சாப் புள்ள நடக்குமா?

— பொறுங்க உம்மு குல்சும். மகள், எத்தின வயசில தொடங்கோணும் எண்டு அந்த மிஸ் சொன்ன?

— எவ்வளவு கெதியாத் தொடங்கினாலும் நல்லம், பிந்திட்டுது எண்டு மட்டும் விட்டிரப்படாது எண்டா மாமா.

— பிந்தினாலும் விட்டிரப்படாதா...

— தேத்தண்ணி ஆறுது காக்கா, இனிப்புக்குத் தொதலயும் எடுங்க. அல்லாவே, புள்ள தொதலக் கண்டிட்டா! கைய நீட்டுறா பாருங்க. இரு தங்கம், மாமி எடுத்துத் தாறன்.

— மதினி, தொடாதீங்க!

— கேட்டீங்களா? உங்கட கண்ணுக்கு முன்னாலயே!

— இருங்க உம்மு குல்சும். நான் பார்க்கோணும். தொதல் என்ட கதிரைக்குப் பக்கத்து முக்காலியிலயே இருக்கட்டும்.

— எட்டு, ஒம்பது...

— கல் நெஞ்சுக்காரி! அழுறாளே!

— அழுறது நான் மதினி. அவ அழல்ல, பாருங்க. பத்து, பதினொண்டு...

— காக்கா! தவழுறா! இவள் எப்ப தவழத் தொடங்கின?

— ரெண்டு மாசமாச்சு. நீங்க வந்த உடன தூக்கிருவீங்க மதினி, அதால காணல்ல.

— கிட்ட வந்திட்டா மகள். ஆனா முக்காலி உயரம், இவளுக்கு எட்டாது.

— தெரியும் மாமா. இவ்வளவு உயரத்தில நான் ஒரு நாளும் வச்சதில்ல. பதினாலு...

— அப்ப எடுத்துக் குடுப்பமா? இல்ல, பொறுங்க. என்ட சாரத்தப் புடிக்கிறா.

— அசையாதீங்க மாமா! கால இறுக்கி வைங்க!

— முழங்காலப் புடிச்சிட்டா. இழுக்கிறா. அடேயப்பா, என்ன பலம் இந்தச் சின்னக் கையில!

— எழும்புடி என்ட ராசாத்தி! மாமி தூக்க மாட்டன், அல்லா மேல ஆணை, தூக்கவே மாட்டன். நீயா எழும்பு!

— நிக்கிறா. மாமா, நிக்கிறா!

— ரெண்டு காலும் தரையில காக்கா! ரெண்டும்!

— தொதல எடுத்திட்டா. வாயில போட்டுட்டு என்னப் பார்த்துச் சிரிக்கிறா.

— பத்தொம்பது மதினி! பத்தொம்பதில நிண்டுட்டா!

— றுக்கியா, என்ன மன்னிச்சிரு. பாசம் எண்டு சொல்லிச் சொல்லி நான்தானே இவள முடமாக்கப் பார்த்தனான்.

— அப்படிச் சொல்லாதீங்க. நாளைக்குச் செவ்வாய். என்னோட வாங்க. எனக்குத் தனிய ஏலாது மதினி, களைச்சுப் போயிட்டன்.

— வாறன். மொதப் பாதையிலயே வாறன். காக்கா, நான் சொன்னத மறந்திருங்க. புள்ள உம்மாட்டயே இருக்கட்டும். உங்கட முடிவச் சொல்லுங்க. என்ன காக்கா, ஏன் அழுறீங்க?

— முடிவு சொல்ல எனக்கு என்ன தகுதி, உம்மு குல்சும்? நாளைக்குப் பாதையில எனக்கும் ரெண்டு இடம் புடிங்க. மூதூர்ல சாச்சி வீட்டில வளருறான் எண்டு நான் ஊருக்குச் சொன்ன என்ட மகன், ஏழு வருஷமா எழும்ப ஏலாம எங்கட உள்ளறையிலதான் கெடக்கான்.