மூன்றாம் தெருக் குழாயை அறுத்தது பற்றி

என் பெயரும் வீட்டு எண்ணும் இந்த வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் எழுதியபடி சரி. வயது நாற்பத்தொன்று. ஊரில் வால்வுக்காரி என்றால்தான் என்னைத் தெரியும். ஒன்பது வருடமாக, மேல்நிலைத் தொட்டியிலிருந்து நான்கு தெருக்களுக்கும் தினமும் காலையில் தலா ஒரு மணி நேரம் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்க்கிறேன்.

ஆறு மாதத்துக்கு முன் மூன்றாம் தெருவில் வீட்டுக்கொரு கழிப்பறை கட்டினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கழிவுக்குழிகளைக் குடிநீர்க் குழாயை ஒட்டியே வெட்டினார்கள். குழாய் இணைப்பில் கடப்பாரை பட்டதை நேரில் பார்த்து ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன். அவர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். அதன் பிறகு, தினமும் நான் வால்வை மூடியதும் அழுத்தம் குறைந்து, குழித் தண்ணீர் விரிசல் வழியாகக் குழாய்க்குள் இறங்கியது. மறுநாள் திறந்தால் முதல் நாலு குடம் நாறும். கொட்டிவிடச் சொன்னேன். ஒரு மணி நேரத் தண்ணீரில் நாலு குடத்தைக் கொட்ட யாருக்கு மனம் வரும்?

அதன் பிறகு ஐந்து மாதத்தில் ஏழு தடவை குடிநீர் அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் ஏழு மனுவையும் வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார். பொறியாளர், "புதுக் குழாய்னா கொஞ்ச நாள் வாடை வரத்தாம்மா செய்யும், காய்ச்சிக் குடிக்கச் சொல்லு" என்றார். பதித்துப் பதினான்கு வருடம் ஆகிறது என்றேன். "அப்ப பழைய குழாய், அப்படித்தான் இருக்கும்" என்றார். கடைசித் தடவை, குழிக்கு வேறு அலுவலகம் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே போனால், குழாய்க்கு இங்கே என்றார்கள்.

இதற்கிடையே அந்தத் தெருவில் இருக்கும் என் தங்கையின் இரண்டு வயது மகள் வயிற்றுப்போக்கால் மூன்று முறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாம் முறை கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி ஏற்றினார்கள். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

போன செவ்வாய்க்கிழமை காலை, வால்வுக்கு அப்பால் மண்ணைத் தோண்டி, மூன்றாம் தெருக் குழாயில் ஒரு துண்டை ரம்பத்தால் அறுத்தெடுத்து, முனையை மூடி போட்டு அடைத்தேன். யாரும் தூண்டிவிடவில்லை. வால்வை மூடி வைத்தால் போதாதா என்று விசாரிக்கும் அதிகாரி கேட்டார். இரண்டு முறை மூடிப் பார்த்தேன். இரண்டு முறையும் தெருக்காரர்கள் குறடு வைத்துத் திறந்துகொண்டார்கள்.

அதன் பிறகு பெண்கள் குடத்தோடு கூடினார்கள். ஒருத்தி குடத்தை வீசினாள். என் நெற்றிக் காயம் அதனால் வந்தது. அவள் மேல் எனக்குப் புகார் இல்லை. தங்கை, "நாத்தமோ வீச்சமோ, தண்ணின்னு ஒண்ணு வந்துச்சேக்கா. இப்ப புள்ளைய எதை வச்சுக் கழுவுவேன்?" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

முக்கால் மணி நேரத்தில் பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். அந்தத் தெருவுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அறுத்த துண்டைக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துக் கீழே வைத்துவிட்டு, பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக என் மேல் புகார் எழுதினார்.

குழாயை அறுத்ததை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றையும் சேர்த்து எழுதச் சொன்னேன். நாறுகிறது என்று தெரிந்தே ஐந்து மாதம் அந்த வால்வைத் தினமும் திறந்துவிட்டவளும் நான்தான். அதற்கு யாரும் என் மேல் புகார் கொடுக்கவில்லை.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தவை. யாருக்கும் பயந்து சொல்லவில்லை.

(கையொப்பம்)