நான்கு திசைக் குச்சி

பட்டன்களுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கையை மேஜைமேல் சும்மா போட்டுப் பாருங்கள். விரல்கள் நேர்கோட்டிலா விழுகின்றன? நடுவிரல் முன்னே போகும், சுண்டுவிரல் பின்தங்கும். அந்த வளைவைப் பார்த்து ஓட்டை போடத் தெரியாதவன் ஆர்கேட் வீடியோ கேம் பெட்டி செய்யக் கூடாது. கோழிக்கூண்டு செய்து பிழைக்கலாம்.

மில்வாக்கியிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு, உங்கள் சங்கத்தின் போட்டிக்காக என் பெட்டியைப் பார்க்க வந்திருக்கிறீர்கள். என் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து காபி குடித்தீர்கள். பிளைவுட் விளிம்பின் கறுப்புப் பட்டையைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினீர்கள். பிறகு உங்களில் ஒருவர் அந்தப் பழைய புதிர்ப்பாதை ஆட்டத்தை ஒரு நிமிடம் ஆடிவிட்டு, குச்சியும் பட்டன்களும் பொருத்திய பலகையைத் திறந்து பார்த்து, மதிப்பெண் தாளில் ஒரு வரி எழுதினார். 'ஜாய்ஸ்டிக் குச்சியின் அடித்தகடு தப்பாக இருக்கிறது. கவனக்குறைவு.' வேறு எதை எழுதியிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பேன்.

நான்கு பக்கம் மட்டும் திரும்புகிற ஆட்டத்துக்குக் குச்சியும் நான்கு பக்கம்தான் அசைய வேண்டும். மூலைவாட்டிலும் அசையவிட்டால், திருப்பங்களில் திரையில் ஓடும் ஆள் திரும்பாமல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். ஆடுகிறவனுக்குத் தன் கைதான் பிசகுகிறது என்று தோன்றும். அடியில் இருக்கும் தகட்டை லேசாகத் திருப்பினால் சரியாகிவிடும், ஒரு நிமிட வேலை. இது அரிச்சுவடி. ஒரே பலகையில் நான்கு குச்சி, ஸ்டீயரிங், உருட்டுப்பந்து, இருபது பட்டன் என்று விமானம் ஓட்டப் போகிறவர்கள் மாதிரி நட்டு வைக்கும் உங்கள் உறுப்பினர்களுக்கே இது தெரியும். ஏழு குச்சிகளை வாங்கிப் பிரித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்த எனக்குத் தெரியாதா?

டுவேன் ஹாஸ்ஃபெல்ட்டைப் பற்றிச் சொன்னால் புரியும். எங்கள் ஊர் சலூன்காரன், என் பள்ளித் தோழன். 1983இல் பவுலிங் கூடத்து மெஷினில் இதே ஆட்டத்தில் அவன் பெயரின் மூன்று எழுத்து புள்ளிப் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. என் எழுத்துகள் இரண்டாவது இடத்தில். வித்தியாசம் நானூற்றுப் பத்துப் புள்ளிகள். அந்த மெஷினை எப்போதோ குப்பையில் போட்டுவிட்டார்கள். ஆனால் டுவேன் விடவில்லை.

"வாடா ரெண்டு, உக்காரு. ரெண்டுக்கு ஒரு துண்டு போத்துங்கப்பா" என்பான், நான் முடிவெட்டப் போகும்போதெல்லாம். என் மனைவி என்னை விட்டு ஒரு டிராக்டர் வியாபாரியோடு ஓடிப்போன வாரத்தில், வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில், ஊரே உட்கார்ந்திருக்க, "வீட்லயும் ரெண்டாவதுதானாடா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் கெட்டவன் இல்லை. அந்தப் பனிக்காலம் முழுக்க என் வாசல் பனியை அவன்தான் வந்து அள்ளிப் போட்டான்.

அவனுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அவன் அப்பாவும் சலூன்காரர். நாற்பத்தெட்டு வயதில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, ஒருநாள் பாதிரியாரின் காதைக் கிழித்துவிட்டார். கடைசிப் பத்து வருடம் கரண்டி பிடிக்க முடியாமல் முதியோர் இல்லத்தில் கிடந்து செத்தார். இந்த இலையுதிர் காலத்தில் டுவேனுக்கும் நாற்பத்தெட்டு பிறந்தது.

பெட்டியைச் செய்து முடித்த வாரம் அவன் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தான். அன்று நான் வேறொரு சண்டை ஆட்டத்துக்காகத் தகட்டை எட்டுத் திசைக்குத் திருப்பி வைத்திருந்தேன். அவன் எங்கள் பழைய புதிர்ப்பாதை ஆட்டத்தை ஆடினான். இரண்டாவது கட்டத்திலேயே மூன்று உயிரும் போயின. மறுபடி ஆடினான், மறுபடி போயின. 'இருடா, தகடு மாறியிருக்கு' என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் தன் வலது கையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடத்தில் அவ்வளவு திருப்தியாக நான் எதையும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமைதோறும் வந்தான். ஆட அல்ல, கையைச் சோதிக்க. மூன்றாவது வாரம் என்னை ரெண்டு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, மெர்ல் என்று கூப்பிட ஆரம்பித்தான். அதோடு விட்டிருக்கலாமே என்பீர்கள். விட்டிருக்கலாம். ஆனால் அரைகுறையாக ஒரு வேலையைச் செய்வது என் சுபாவத்தில் இல்லை. குச்சிக்குள் இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தளர்ந்ததைப் போட்டேன்.

"நீ ஒரு தடவ ஆடு மெர்ல், நான் பாக்கறேன்" என்றான் ஒருநாள்.

ஆடினேன். ஒன்பது கட்டம் தாண்டினேன். அந்தத் தப்பான தகட்டோடு ஆடிப் பழக எனக்கு ஒரு மாதம் தனியாகப் பயிற்சி தேவைப்பட்டது. விரலில் கொப்புளம் வந்தது. என் உழைப்பில் அந்தப் பகுதியைத்தான் யாரும் பாராட்டியதில்லை.

"உனக்கு ஒண்ணும் ஆவலயே" என்றான். கையை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டான். நான் பீர் கொடுத்தேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் கேட்டிருந்தால் பலகையைத் திறந்து காட்டியிருப்பேன்.

நவம்பரில் சவரக்கத்தியைத் தொடுவதை விட்டான், டிசம்பரில் கத்தரிக்கோலை. கடையை விற்கப் பேசி முடித்துவிட்டான், வருகிற திங்கள் கையெழுத்து. கொரின் என்று ஒருத்தி, பள்ளிக்கூடச் சமையலறையில் இருக்கிறாள், ஜூன் மாதம் அவர்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கொடுத்த மோதிரத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும், ஆனால் தனக்குக் கரண்டியால் ஊட்டிவிட வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவள் என்னிடம் வந்து அழுதாள்.

"நீங்க சொன்னா கேப்பாரு. ஒரு டாக்டரயாவது பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். நானே மேடிசன் நகரத்துக்கு அழைத்துப் போனேன், பெட்ரோல் என் செலவு. பெரிய டாக்டர், நரம்புக்கென்றே படித்தவர். நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், மூளையைப் படம் எடுத்தார். ஒன்றுமே இல்லை, இன்னும் முப்பது வருடம் முடிவெட்டலாம் என்றார். என் குட்டு உடைந்துவிட்டது என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன், ஒளிக்க விரும்பவில்லை.

திரும்பும் வழியில் டுவேன் ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய சோளவயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு சொன்னான்.

"அந்த ஆளு என் கையைப் பத்து நிமிஷம் பாத்திருப்பாரு மெர்ல். என்ன தெரியும் அவருக்கு? எங்கப்பாவுக்கும் மொதல்ல இப்படித்தான் ஒண்ணும் இல்லன்னாங்க. சின்னப் பையன்லேர்ந்து என் கைக்குத் தெரிஞ்ச ஆட்டம் அது. நீ பாத்துப் பாத்துச் செஞ்ச மெஷின். உன் வேலையில தப்பு இருக்காது. தப்பு என் கையிலதான்."

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினான். ஆர்கேட் பெட்டி செய்கிற எவனுக்கும் அப்படி ஒரு பாராட்டு கிடைத்திருக்காது. ஒரு மனிதன் என் வேலைமேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கும்போது, தகட்டைத் திருப்பி அவன் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு எப்படி மனசு வரும்?