ஓரத்து நாற்காலி

ஆராதனையில் எனக்கு ஓரத்து நாற்காலிதான் ஒத்துவரும், பிஷப் ஐயா. நாள் முழுக்கத் தையல் மிஷின் மிதிக்கிற கால், கொஞ்சம் நீட்டினால்தான் நிம்மதி. எனக்கு அடுத்து என் நாத்தனார் உட்காருவாள். இதில் திட்டம் எதுவும் இல்லை, கால் வலிதான்.

வாரம் முழுக்க ஊரார் பல்லைப் பிடுங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாமல் எங்களை மேய்க்கிறவர் நீங்கள். திருவிருந்து எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பத் தட்டு முதலில் ஓரத்தில் இருப்பவர் கைக்கு வரும். ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நீட்ட வேண்டும். தனக்குத் தகுதியில்லை என்று நினைக்கிறவர் எடுக்காமல் நகர்த்திவிடலாம். ஏன் எடுக்கவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது, அது நம் மார்மன் சபையின் மரியாதை. கேட்கத்தான் மாட்டார்கள். பார்ப்பார்கள்.

நாத்தனாருக்கு ஒரு பழக்கம். ஜெபம் முடிந்தும் கண்ணைத் திறக்க மாட்டாள். அந்த வாரம் செய்தது, சொன்னது எல்லாவற்றையும் உள்ளுக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். தட்டு வந்ததும் நான் அவள் முழங்கையைத் தொடுவேன். ஒரு ஞாயிறு தொடவில்லை. அவள் மடிக்கு மேலாகவே தட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பின்வரிசையில் எலக்ட்ரீஷியன் உட்கார்ந்திருந்தார். இவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. ஆலயத்தில்தான் கல்யாணம் என்று ஒற்றைக்காலில் நின்றவர். நாம் ஞாயிறு கூடுகிற இந்த இடம் மாதிரி இல்லை, ஆலயத்துக்குள் போகப் பெண் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டுமே. ஒயரைவிட மனிதர்களை அதிகம் சோதித்துப் பார்க்கிற ஆள்.

வீடு திரும்பும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணி, இன்னிக்குத் தட்டு என்கிட்ட வரலையா?"

"வந்துச்சும்மா. நீதான் கை நீட்டல. மனசுல ஏதோ இருக்காக்கும்னு நானும் தொந்தரவு பண்ணல."

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். தட்டு வந்தது. அவள் கை நீட்டவில்லை.

அன்றிலிருந்து தன் பாவத்தைத் தேட ஆரம்பித்தாள், தொலைந்த ஊசியைத் தரையில் தடவித் தேடுகிற மாதிரி. யாரோ தைக்கக் கொடுத்த பட்டுத் துணிமேல் ஆசைப்பட்டாளாம். அம்மா கூப்பிட்டபோது ஒரு தரம் காதில் விழாத மாதிரி இருந்தாளாம். சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே இதையெல்லாம் சொல்லி அழுவாள். துணியில் கண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஆறுதலும் சொன்னேன்; அவசரப்படாதே, மனசு சுத்தமானது உனக்கே தெரியும்போது எடுத்துக்கொள் என்றேன்.

அடுத்த ஞாயிறு முழங்கையைத் தொட்டேன். தட்டை அவள் முகத்துக்கு நேரே, பின்வரிசைக்கும் தெரிகிற மாதிரி நன்றாகவே பிடித்தேன். அவளேதான் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

எலக்ட்ரீஷியன் வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள், பிறகு பேச்சையே விட்டுவிட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சபை மரியாதை.

நான் ஏன் செய்தேன் என்கிறீர்கள். அவள் போய்விட்டால் காஜா எடுக்க, ஓரம் மடித்துத் தைக்க, பட்டன் வைக்க நான் ஆளுக்கு எங்கே போவேன்? கூலிக்கு வருகிறவள் இவ்வளவு பொறுமையாகத் தைப்பாளா? அதோடு, அவள் மேல் எனக்குப் பிரியம் அதிகம். அனுப்ப மனசு வரவில்லை.

அவள் உங்களிடம் வந்து இல்லாத பாவத்தையெல்லாம் கொட்டினபோது, தட்டு முதலில் எப்படித் தவறியது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டீர்கள். ஆமாம், நான்தான். தெரிந்தேதான் தாண்டிக் கொடுத்தேன். அதே கையால் என் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், தொண்டையில் சிக்கவே இல்லை. தகுதியில்லாதவளுக்கு அப்படி இறங்குமா?

கொஞ்ச நாள் திருவிருந்து எடுக்காமல் இரு என்கிறீர்கள். சரி, உங்கள் வார்த்தையைத் தட்ட மாட்டேன். ஒரே ஒரு உதவி. அந்த ஓரத்து நாற்காலி இனி வேண்டாம், கால் வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் எனக்கு ஓர் இடம் போட்டுக் கொடுங்கள். தட்டு என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தால், ஜனங்கள் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவார்கள்.