பாட்டு ஏறாத மதியம்

மத்தியானம் தூங்குகிறவன்மேல் யாருக்கும் மரியாதை வராது. அவன் ராத்திரி முழுக்க நின்றபடி வேலை பார்த்தவன் என்று நெற்றியில் ஒட்டியா இருக்கிறது. நான் அட்டைப்பெட்டி ஆலையில் இரவு முறைக்காரன். காலையில் வந்து குளித்து, சாப்பிட்டு, மனைவி வேலைக்குக் கிளம்பியதும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அங்கிருந்து பொழுது சாய்கிறவரைக்கும்தான் எனக்கு ராத்திரி. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றது தானாகப் புரியும் அய்யா.

நீ சொன்னால் போதும், பக்கத்தில் இருக்கும் ஏட்டு எழுதிக்கொள்வார் என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்றேன். எழுத்து எனக்கு வயதான பிறகு வந்தது, மெதுவாகத்தான் நகரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது மாடி. கீழே முன்பு டயர் கிடங்கு இருந்தது. டயர் நல்ல குடித்தனக்காரன், வாயே திறக்காது. பிறகு அந்த இடத்தை ஒருவர் எடுத்துப் பாட்டுக் கச்சேரி நடத்தும் கிளப் ஆக்கினார். தலைமுடியைப் பின்னால் சேர்த்துக் கட்டியிருப்பார், அதனால் தெருவில் அவருக்குக் குடுமி என்று பெயர். அவருக்கும் அது தெரியும். என்னை அண்ணே என்பார். அவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது.

கச்சேரி நடக்கிற நேரத்தில் நான் ஆலையில் இருப்பேன், எனக்கென்ன வந்தது. தொல்லை மத்தியானத்தில்தான். அன்றைக்கு வாசிக்கப்போகிறவர்கள் முன்கூட்டியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பார்ப்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு. மெட்டல்காரர்கள் வந்தால் எனக்குக் கஷ்டமே இல்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள். தொண்டை கிழியக் கத்துவார்கள், டிரம்மைப் போட்டு நொறுக்குவார்கள், ஆனால் எடுத்ததிலிருந்து முடிகிறவரை ஒரே சீராக இருக்கும். ஆலைக்குள் காலம் தள்ளியவனுக்கு அது தாலாட்டு மாதிரி. நடுநடுவே நிறுத்திச் சண்டை போடுவார்கள், சிகரெட் பிடிக்க வெளியே வருவார்கள், ஒருவனை ஒருவன் கேலி பேசிக்கொண்டு திரும்பிப் போவார்கள். நல்ல பிள்ளைகள்.

இன்னொரு வகை போஸ்ட்-ராக். அதில் பாடுகிற ஆளே கிடையாது. ஒருவன் கிதாரில் ஒரு கம்பியைத் தொட்டுத் தொட்டு விடுவான். மழை விட்ட பிறகு தகரத்திலிருந்து சொட்டுகிற மாதிரி இருக்கும். உடம்பு தளரும், கண் சொக்கும். தூக்கத்துக்குள் ஒரு காலை எடுத்து வைப்பேன். அந்த நேரம் பார்த்து எல்லாம் ஒன்றுசேர்ந்து மேலே ஏறும். கட்டில் அதிரும், அலமாரியில் தம்ளர் நகரும். பிறகு மறுபடியும் சொட்டு. ஒரு மனிதனைத் தூங்கப்போட்டு எழுப்பி, தூங்கப்போட்டு எழுப்பி வாயைப் பிடுங்குவது உங்கள் பக்கம்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆலையில் நானும் என் மச்சானும், அதாவது மனைவியின் தம்பி, ஒரே இயந்திரத்தில் வேலை. அட்டையைக் கத்திக்கு அடியில் தள்ளி வைப்பது அவன், கைப்பிடியை இழுத்துக் கத்தியை இறக்குவது நான். இந்த வாயில்லாப் பாட்டுக்காரர்கள் வந்துபோன ஒரு வாரத்தில், நின்றுகொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். கை மட்டும் அதன் பாட்டுக்கு வேலை செய்தது. அவனுக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. தன் கைதான் வழுக்கியது என்று மேஸ்திரியிடம் அவனே சொல்லி என்னைக் காப்பாற்றினான். என் மனைவிக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

"தூங்கறதுக்கு உங்களுக்கு என் தம்பி கைதான் கெடச்சுதா?" என்றாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

புண் ஆறியதும் அவன் அதே இயந்திரத்துக்குத் திரும்பி வந்தான். கைப்பிடியில் நான்தான். அட்டையைத் தள்ளும்போதெல்லாம் என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பான். "மாமா, இன்னும் எட்டுதான் இருக்கு. பாத்து செலவு பண்ணுங்க" என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்ய.

குடுமியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அடுத்த நாளே ஆள் வைத்துக் காற்றுச் சன்னல்களைப் பஞ்சு வைத்து அடைத்தார், சுவரெல்லாம் கம்பளம் அடித்தார், கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டினார். எங்கள் பக்கம் மத்தியானத்தில் கரண்ட் போகும். பின்முற்றத்தில் அவருடைய ஜெனரேட்டர் ஓடினால் அதன் புகை என் சன்னலுக்கு வரும். அதற்கும் நீளமாக, வளைகிற குழாய் ஒன்றை மாட்டிப் புகையை மதிலுக்கு அப்பால் விட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்தான். அத்தனையும் எனக்காகச் செய்தார். ஆனால் பாட்டின் அந்த ஏற்றம் காற்று வழியாக வரவில்லை, சுவர் வழியாக வந்தது.

அந்த வாயில்லாப் பாட்டுக்காரர்கள் மூன்று பேர். கிதார் ஒருவன், டிரம் ஒருவன், பெரிய கிதார் வாசிக்கும் ஒரு பெண். விஷயம் தெரிந்து அந்தப் பெண் படியேறி வந்து மன்னிப்புக் கேட்டாள். காதில் வைக்கும் பஞ்சு மாதிரி ஒன்றைக் கொடுத்தாள்.

"எங்க பாட்டு கேட்டா தூக்கம் வருதுன்னு ஊரே திட்டும்ணே. உங்க ஒருத்தருக்குத்தான் போகுது" என்றாள்.

"அந்த நடுவுல ஏறுது பாரு, அது இல்லாம வாசிக்க முடியாதா தங்கச்சி?"

"அது இல்லன்னா பாட்டே இல்லண்ணே. அதுக்குத்தானே அவ்வளவு நேரம் பொறுமையா இருக்கோம்."

அந்தப் பதிலில் தப்பு இல்லை. வேலை தெரிந்தவள் சொல்கிற பதில்தான். பஞ்சை வைத்துப் பார்த்தேன். கட்டில் அதிர்வதற்குப் பஞ்சு என்ன செய்யும்.

போன மாதக் கடைசியில் குடுமி வாசல் சுவரில் புதுச் சுவரொட்டி ஒட்டினார். பசை வாளியை நான் பிடித்திருந்தேன். வரும் நிகழ்ச்சிகள் என்று மேலே போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். மெட்டல், மாதத்துக்கு ஒன்று. மற்றதெல்லாம் வாயில்லாதவர்கள், வாரத்தில் பாதி நாள். எனக்குப் படிக்கத்தான் தெரியவில்லையோ என்று மறுபடி முதலிலிருந்து வந்தேன். அப்படித்தான் போட்டிருந்தது.

"கூட்டம் அவங்களுக்குத்தாண்ணே சேருது" என்றார் குடுமி, என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றிரவு ஆலையில் மச்சான் அட்டையைத் தள்ளும்போது அவன் கையைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அப்படி எத்தனை நாளைக்குப் பார்க்க முடியும்.

செவ்வாய்க்கிழமை அந்த மூன்று பேரும் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். குடுமி மீதிச் சுவரொட்டிகளை ஒட்டப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று, ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. நான் கீழே இறங்கினேன். மதிலுக்கு அப்பால் கிடந்த புகைக்குழாயின் வாயை இந்தப் பக்கம் எடுத்தேன். பின்கதவுக்கு அடியில் வயர் போவதற்காக ஒரு இடுக்கு உண்டு. அதில் வைத்துச் சுற்றிலும் சாக்கைத் திணித்தேன். கை கழுவிக்கொண்டு மேலே வந்து படுத்தேன். நான் எந்தக் கதவையும் பூட்டவில்லை. கொஞ்சம் தலைவலி வந்தால் எழுந்து வீட்டுக்குப் போவார்கள் என்றுதான் இருந்தேன்.

சத்தம்தான் பிரச்சினை என்றால் ஜெனரேட்டரை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முன்பு நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் வெளியே வந்து, மன்னிச்சுக்குங்கண்ணே என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட்டிவிட்டாள். புகை அப்படி இல்லை, ஆளை எழுப்பாமலே மயக்கிவிடும். மெட்டல் பிள்ளைகளாக இருந்தால் இது நடக்காது, அடிக்கொருதரம் கதவைத் திறப்பார்கள். இவர்கள் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசிக்கிறவர்கள். பெட்டி தூக்க உதவிக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். ஒருவன் சாய்ந்தால்கூட, பாட்டில் மூழ்கிவிட்டான் என்றுதான் மற்றவன் நினைப்பான். இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தாயா என்றால், ஆமாம். எந்த வேலையையும் யோசிக்காமல் செய்து எனக்குப் பழக்கமில்லை.

வழக்கம்போலச் சொட்டு ஆரம்பித்தது. டிரம் மெதுவாகக் கூட வந்தது. பெரிய கிதார் சேர்ந்தது. ஏற்றம் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். டிரம் தடுமாறி நின்றது. பிறகு பெரிய கிதார் இல்லை. சொட்டு மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஏறவே இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் உடம்பு முழுக்கத் தூங்கினேன்.

டீசல் தீர்ந்து சத்தம் நின்றதும் விழிப்பு வந்தது. கீழே குடுமி அவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேரும் உட்கார்ந்த இடத்திலேயே சரிந்திருந்தார்கள். மூன்று பேருக்கும் உயிர் இல்லை.

அந்தக் கிதார்க்காரனுக்குக் காலடியில் ஒரு பெட்டி உண்டு, ஒரு தடவை வாசித்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு அதுவே திரும்பத் திரும்ப வாசிக்கும் என்று நீங்கள்தான் எனக்கு விளக்கினீர்கள். பாட்டு கேட்டுக்கொண்டிருந்ததால் அவர்கள் நன்றாக இருப்பதாக நீ நினைத்திருப்பாய், அப்படித்தானே என்றீர்கள். நான் தப்பிக்க ஒரு சந்து விட்டுக் கொடுத்தீர்கள். நல்ல மனசு உங்களுக்கு.

ஆனால் அய்யா, மனிதன் கை ஒரு வேலையை இரண்டு தடவை அச்சாக ஒரே மாதிரி செய்யாது. அந்தச் சொட்டில் ஓரிடத்தில் விரல் கம்பியில் உரசுகிற சின்னச் சத்தம் ஒன்று இருந்தது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே உரசல் வந்தது. வாசிப்பது கை இல்லை, இயந்திரம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தேன். படியிறங்கினால் பின்கதவு. ஆனால் பாட்டு அப்போதுதான் கேட்க நன்றாக இருந்தது. தலையணையைத் திருப்பிப் போட்டு, குளிர்ந்த பக்கத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன்.