ச்சோவில் ரத்தம் பார்த்தீர்களா?

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, அஃபண்டே. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். முஹேஸாவில் எங்கள் டிஸ்பென்சரியில் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான்.

நான் ஓய்வு பெற்ற சுவாஹிலி வாத்தியார். குடல் நோய்க் கேள்வித்தாளை இங்கிலீஷிலிருந்து மொழிபெயர்த்தது நான்தான். யாருக்குக் குடலில் புண் இருக்கலாம், யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று சின்ன டிஸ்பென்சரியிலேயே தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்விகள். ஊருக்கெல்லாம் கொடுக்கும் முன்னால், சனங்களுக்கு அவை சரியாகப் புரிகின்றனவா என்று சோதிக்க வேண்டும். அந்த வேலை நர்ஸ் சௌமுவுடையது.

எங்கள் பாஷையில் கக்கூசுக்கும் மலத்துக்கும் சொல் ஒன்றுதான்: ச்சோ. "ச்சோவில் ரத்தம் பார்த்தீர்களா?" என்று எழுதியிருந்தேன். அன்று காலை பெஞ்சில் இருந்த ஒரு கிழவி திருப்பிக் கேட்டாள்: "எந்தக் கக்கூசுல? எங்க வீட்டுதுலயா, ஆஸ்பத்திரிதுலயா?"

பெஞ்சே குலுங்கியது. சௌமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வாத்தியாரே, நீங்க கக்கூஸ் கழுவ வந்த ஆளுன்னு கிழவிக்கு நெனப்பு. 'பெரிய தேவைக்குப் போறப்ப'ன்னு மாத்திடுவோம். எல்லாருக்கும் புரியும்."

"அது பூசி மெழுகுற பேச்சு. நான் எழுதினது சுத்தமான சுவாஹிலி."

"சுத்தமா இருந்து என்ன செய்ய? ரத்தம் போற பொம்பளை இல்லைன்னு சொல்லிட்டு வீட்டுல போய்ச் செத்துக் கிடப்பா. சாயங்காலம் டாக்டர்கிட்ட சொல்லிடுறேன், உங்க கேள்வி ஃபெயிலுன்னு."

ஃபெயில். இந்த ஊரில் பாதிப் பேருக்கு அந்த வார்த்தையைப் போட்டவன் நான். எனக்கு யாரும் போட்டதில்லை. கோபமெல்லாம் வரவில்லை, அஃபண்டே. அவமானமாக இருந்தது, அவ்வளவுதான்.

மதியம் எல்லோரும் சாப்பிடக் கலைந்தார்கள். சௌமு பின்பக்கம் கக்கூசுக்குப் போனாள். புல் வெட்டும் நீளக் கத்தியை அங்கே சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். முதல் வெட்டு தோளில் விழுந்தது. "மாத்த வேணாம், வாத்தியாரே, உங்க சொல்லே இருக்கட்டும்" என்றாள். பயத்தில் சொல்கிற பதிலை வகுப்பிலேயே நான் ஏற்றுக்கொண்டதில்லை. அடுத்ததை அவள் கையால் தடுத்தாள், விரல்கள் போயின. அதற்கடுத்தது கழுத்தில். உள்ளே தள்ளிக் கதவைக் கம்பியால் கட்டினேன். கை கழுவிவிட்டு உகாலிக் களியும் பொரித்த நெத்திலியும் சாப்பிட்டேன். சட்டை கறையாகிவிட்டதால் அவளுடைய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அப்போது பிலி பின்பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள். என் பழைய மாணவி. உட்காரச் சொன்னேன். இன்றைக்கும் நான் சொன்னால் உட்காருவாள்.

"ஐயா, அங்க..."

"கேட்டதுக்கு மட்டும் பதில். ச்சோவில் ரத்தம் பார்த்தீர்களா?"

"பார்த்தேங்கய்யா. கதவுக்கு அடியில வழியுது."

'ஆம்' என்று குறித்தேன்.

"வலி உண்டா?"

"உள்ள யாரோ முனகுறாங்கய்யா. கதவு தொறக்க மாட்டேங்குது. யாரையாவது கூப்பிடுங்க, ஒங்க கால்ல விழறேன்."

அதையும் 'ஆம்' என்று குறித்தேன். அவள் எழப் பார்த்தாள். பேனாவைத் தூக்கினேன், உட்கார்ந்துவிட்டாள். எடை குறைந்ததா, பசி எடுக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா, எல்லாவற்றுக்கும் அழுதுகொண்டே பதில் சொன்னாள். கேமரா விட்டுப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போக விட்டேன்.

கதவை உடைத்தபோது உடம்பில் சூடு இருந்ததாம். கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். அவர் படித்தவர், அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒருவரைக் கேட்க ஆரம்பித்தால் கடைசிக் கேள்வி வரைக்கும் எழ விடக்கூடாது, விட்டால் அந்தச் சோதனை செல்லாது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே சௌமுதான்.