வண்டிக்குள் பால் காய்ச்சினோம்

அன்புள்ள சகோதரிகளே,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். இரவு மணி ஒன்றரை. என் மகள் ஜோவிதா இப்போதுதான் தூங்கினாள். ஞாயிறு நன்றிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருந்தீர்கள். நாங்கள் வியாழனே கப்பல் ஏறுகிறோம். அதனால் பேச நினைத்ததை எழுதி அனுப்புகிறேன். கிரேஸி அக்கா, நீங்கள் வாசித்துவிடுங்கள். கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள் அக்கா, உங்கள் வேகம் எனக்குத் தெரியும்.

நாம் எதற்கெல்லாம் நன்றி சொல்கிறோம்? வேலைக்குச் சொல்கிறோம். வீட்டுக்குச் சொல்கிறோம். விசா வந்தால் சாட்சியே சொல்கிறோம். ஆனால்... ஒரு ஓட்டைக்கு நன்றி சொன்னவர்கள் யாராவது இருக்கிறீர்களா? குளிர் காற்று வருகிற ஓட்டைக்கு? சிரிக்காதீர்கள். சின்னக் கதைதான், கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

போன மாதம் நாங்கள் ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினோம். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. மூன்று மாதம் நார்வே வரைக்கும் போவதாகத் திட்டம். பதினொரு மாதப் பிள்ளையோடு! எனக்கு எப்படி இருக்கும்? வண்டி வாசலுக்கு வந்த நாளிலிருந்து அதற்குள்ளேயே கிடந்தேன். அலமாரியில் அரிசி, கட்டிலுக்கு அடியில் டயப்பர். தரையைத் தொட்டேன்... சில்லென்று காற்று. எங்கேயிருந்து? அடுப்புக்குக் கீழே, தரையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. கம்பி வலை போட்டிருந்தது. தவழுகிற பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டாதா? பழுப்பு டேப்பை எடுத்தேன். ஒன்றுக்கு மூன்று அடுக்கு ஒட்டினேன். மேலே பாயை விரித்தேன். பக்கத்தில் ஏதோ ஸ்டிக்கர் இருந்தது. அதன்மேலும் சேர்த்து ஒட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஊரிலிருந்து, நம் நாசரேத்திலிருந்து, ரூபி மைனி வீடியோவில் வந்தார்கள். என் வீட்டுக்காரர் ஆல்வினின் அக்கா. தினமும் இரண்டு தடவை கூப்பிடுவார்கள். பிள்ளைக்கு என்ன கொடுத்தே, எத்தனை மணிக்குத் தூங்குச்சு... எனக்கு எரிச்சல் வரும். உண்மையைச் சொல்கிறேன்.

"ஏட்டி ஷெர்லின், வண்டிக்குள்ள பாலு காச்சியாச்சா?"

"மைனி, அது வண்டி. வீடு இல்லை."

"மூணு மாசம் அதுலதான படுக்கப் போற? அப்ப அது வீடுதாம்ட்டி. காச்சு. பொங்கி வழியணும். பாதியில அணைச்சா நான் ஒத்துக்க மாட்டேன்."

ஆல்வின் சிரித்தார். "அக்கா, பொங்குனா யாரு துடைக்கிறது?"

"நீ துடைல. அதுக்குத்தான ஒன்ன வளத்தோம்."

காற்றில் அடுப்பு அணையக் கூடாது என்று கதவு ஜன்னலை எல்லாம் நானே சாத்தினேன். போனை அலமாரியில் சாய்த்து வைத்தோம். ஜெபம் பண்ணினோம். ஒரு பாட்டும் பாடினோம். பால் பொங்கியது... பொங்கி வழிந்தது! அங்கே மைனி கைதட்டுகிறார்கள். இங்கே நாங்கள் போனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அடுப்பை யார் பார்த்தது?

யாரும் பார்க்கவில்லை.

வழிந்த பால் தீயை அணைத்துவிட்டது. பழைய அடுப்பு. தீ அணைந்தாலும் கேஸ் நிற்காது.

பால் பாயில் சொட்டியது. அதைத் தட்டி விளையாட ஜோவிதா தவழ்ந்து போனாள். "சூடுடி!" என்று அவளைத் தூக்கக் குனிந்தேன்... குப்பென்று கேஸ் நாற்றம். நிமிர்ந்தேன், ஒன்றுமில்லை. குனிந்தேன்... மூச்சு முட்டுகிறது. என் பிள்ளை அந்த உயரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஆல்வின், அடுப்பை மூடுங்க! கதவு, கதவு!"

வெளியே புல்லில் நின்று பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். நாற்றம் அடங்கியபிறகு ஆல்வின் உள்ளே போய்ப் பாயைத் தூக்கினார். டேப்பை உரித்தார். ஸ்டிக்கரும் கூடவே வந்தது. 'கேஸ் வெளியேறும் வழி. மூடாதீர்கள்.'

"இதை யாரு ஒட்டுனது?"

எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள் நான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும் என்று பரீட்சையில் எழுதியவள். அவர் என் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. துணியை எடுத்துப் பாலைத் துடைக்க ஆரம்பித்தார்.

சகோதரிகளே... மைனி பால் காய்ச்சச் சொல்லாமல் இருந்திருந்தால்? எங்கேயோ ஒரு மலையடிவாரத்தில், குளிருக்கு எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு நான் கஞ்சி வைத்திருப்பேன். அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

எதைத் தொந்தரவு என்று அடைத்தேனோ, அதுதான் என் பிள்ளைக்குக் காவல். யாரைத் தொந்தரவு என்று நினைத்தேனோ, அவர்கள் வாயிலிருந்துதான் எங்களுக்குத் தப்பும் வழி வந்தது. பயத்தில் நாம் அடைக்கிறோம், இல்லையா? அன்பினாலேயே அடைக்கிறோம். உங்கள் வீட்டில் எதை ஒட்டி வைத்திருக்கிறீர்கள்? யாருடைய அழைப்பை எடுக்காமல் விடுகிறீர்கள்? பாயைத் தூக்கிப் பாருங்கள். சில்லென்று காற்று வந்தால்... ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

அடுப்பை மாற்றியாயிற்று. ஓட்டை திறந்திருக்கிறது. ஜோவிதாவுக்கு இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டிருக்கிறேன். ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. போகிற வழியில் உங்கள் குரல் எனக்கு வேண்டும். இதைக் கேட்டதும் ஒரு வரியாவது சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ஷெர்லின்